அசெம்பிள் செய்த கணினியில் ஐமெசேஜ் உள்நுழைவு: அடையாள எண்களை வரிசைப்படி சீராக்கும் முழுமையான வழிகாட்டி

சொந்தமாக அசெம்பிள் செய்த இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியில் ஓப்பன்கோர் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர்) வழியாக மேக்ஓஎஸ் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஐமெசேஜுக்கான மெசேஜஸ் செயலியும் ஃபேஸ்டைமும் மட்டும் உள்ளே விட மறுக்கின்றன என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேக்ஓஎஸ்ஸை நிறுவும் முறை இதில் இல்லை. கணினி பூட் ஆகி, இணையம் கிடைத்து, மேசைத்திரை வரை சிக்கலின்றி வந்துவிட்டது என்பதே தொடக்கப் புள்ளி.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். கணினி எழுந்ததும் முதல் வேலையாக ஆப்பிள் ஐடியை (இப்போதைய பெயர் ஆப்பிள் அக்கவுன்ட்) கொடுத்து உள்நுழைய முயல்கிறார்கள். மறுக்கப்பட்டதும் புதிய சீரியல் எண் ஒன்றை உருவாக்கி மீண்டும் முயல்கிறார்கள். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொன்று. ஒவ்வொரு முயற்சியிலும் அதே கணக்கின் பெயரில் முன்பின் அறியாத புதுக் கணினி ஒன்று சர்வரின் முன் வந்து நிற்கிறது. இப்படியே போனால், கணினியில் இருந்த சிறு குறை கணக்கின் மீதான தடையாக மாறிவிடும். ஆகவே இங்கே உள்நுழைவு கடைசியில்தான் வருகிறது. அடையாளங்கள், அதாவது கணினி ஆப்பிள் சர்வரிடம் தன்னைக் காட்டிக்கொள்ளும் எண்கள், முழுமையாகி நிலைபெறும் வரை ஆப்பிள் ஐடியைத் தொட வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் தயாரித்த கணினிகளில் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கிறது. எனவே இத்தகைய கணினியில் ஐமெசேஜ் இயங்கினாலும், அது நாளையும் இயங்கும் என்று உரிமையுடன் கேட்க முடியாது. பிழைப்புக்கான செய்திப் போக்குவரத்தை இதை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

1. எது மறுக்கிறது என்று முதலில் பிரித்தறியுங்கள்

ஆப்பிள் சேவைகள் எல்லாம் ஒரே அளவில் கணினியைச் சோதிப்பதில்லை. மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை குறையும்.

ஆப் ஸ்டோரில் உள்நுழையும்போது உங்கள் கணினியைச் சரிபார்க்க முடியவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், பெரும்பாலும் சீரியல் எண்ணில் குறை இருக்காது. இஎன்0 என்னும் முதல் நெட்வொர்க் இடைமுகம் இல்லை, அல்லது அது உள்ளமைந்ததாகக் குறிக்கப்படவில்லை. அதற்கு நான்காம் பகுதி. ஐகிளவுடும் ஆப் ஸ்டோரும் வேலை செய்து, மெசேஜஸும் ஃபேஸ்டைமும் மட்டும் மறுத்தால், மதர்போர்டு சீரியல், ஆர்ஓஎம் (ஆறாம், ஏழாம் பகுதிகளில் வரும் அடையாள எண்கள்) ஆகிய இரண்டின் மீதே முதல் சந்தேகம் விழ வேண்டும். வாடிக்கையாளர் குறியீடு ஒன்றைக் காட்டி ஆப்பிள் உதவி மையத்தை அழைக்கச் சொன்னால், தடை கணக்கில் இருக்கிறது. அதைக் கடைசிக்கு முந்திய பகுதியில் பார்ப்போம்.

வைஃபை அட்டையும் புளூடூத்தும் ஆப்பிளுக்கு ஏற்றவையாக இல்லாததால்தான் ஐமெசேஜ் வரவில்லை என்று நினைத்து, பலர் பணம் செலவழித்துப் புதிய அட்டை வாங்குகிறார்கள். ஏர்டிராப், ஹேண்ட்ஆஃப் போன்றவற்றுக்கே அந்த அட்டைகள் தேவை. ஐமெசேஜுக்குச் சாதாரண ஈதர்நெட் கம்பி போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

இப்போது நன்றாக பூட் ஆகும் ஈஎஃப்ஐ கோப்புறையின் (ஓப்பன்கோரும் அதன் அமைப்புகளும் இருக்கும் இடம்) முழுப் பிரதி ஒன்றைத் தனி பென்டிரைவில் எடுத்து, அதிலிருந்து கணினி பூட் ஆகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கான்ஃபிக் பிளிஸ்ட் என்னும் அமைப்புக் கோப்பில் ஒரு சிறு தவறு நேர்ந்தாலும் கணினி எழாமல் போகலாம் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது.

பிளிஸ்ட் கோப்பைத் திருத்த ப்ராப்பர்ட்ரீ, அடையாளங்களை உருவாக்க ஜென்எஸ்எம்பயாஸ், நெட்வொர்க் அட்டையின் பாதையையும் இப்போதைய அடையாளங்களையும் பார்க்க ஹாக்கின்டூல், சாதன மரத்தைப் பார்க்க ஐஓரெஜிஸ்ட்ரி எக்ஸ்ப்ளோரர் ஆகியவை வேண்டும்.

ஆப்பிள் ஐடிக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இயங்க வேண்டும். குறியீடு வரும் கைப்பேசி அருகில் இருக்க வேண்டும். ஐஃபோனிலோ உண்மையான மேக்கிலோ ஏற்கெனவே பயன்பட்ட, பணம் செலுத்தும் முறை சேர்க்கப்பட்ட கணக்கு எளிதில் ஏற்கப்படுகிறது. இந்தக் கணினியிலேயே புதிதாகத் தொடங்கிய வெற்றுக் கணக்கு அடிக்கடி மறுக்கப்படுகிறது. இது எழுதப்பட்ட விதி அன்று, ஆனால் திரும்பத் திரும்பக் காணப்படுவது.

இவ்வளவும் ஆன பிறகு, கணினியில் ஏற்கெனவே ஐகிளவுடில் உள்நுழைந்திருந்தால் வெளியேறிவிடுங்கள். கீழே வரும் மாற்றங்கள் நடக்கும்போது கணக்கு திறந்திருந்தால், அரைகுறை அடையாளங்கள் கணக்கில் பதிவாகிவிடும்.

3. கடிகாரம்

விண்டோஸும் மேக்ஓஎஸ்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும். மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. மேக்ஓஎஸ் அதையே உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இதனால் ஐந்தரை மணி நேரப் பிழை ஏற்படும். இணைய நேரத்துடன் ஒத்திசையும் முன் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முயன்றால், சான்றிதழின் காலம் பொருந்தாமல் உள்நுழைவு தோற்கக்கூடும்.

விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகக் கொள்ளும் மதிப்பை இட்டால் இது தீரும். மேக்ஓஎஸ்ஸில் தேதியும் நேரமும் தானாக அமையும் தேர்வை இயக்கி வையுங்கள்.

4. இஎன்0: முதலில் நெட்வொர்க், பிறகே எண்கள்

ஆர்ஓஎம் என்னும் அடையாளத்தை நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரியிலிருந்து (அட்டைக்கே உரிய வன்பொருள் எண்; மேக் கணினியைக் குறிப்பதன்று) எடுக்கப்போகிறோம். ஆகவே எந்த அட்டை இஎன்0 ஆக நிற்கப்போகிறது என்பதை எண்களை உருவாக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஆர்ஓஎம்மைப் பிறகு திருத்தத் தோன்றும். அப்படித் திருத்துவது சர்வரின் கண்ணுக்கு வேறொரு கணினியைக் காட்டுவது.

கணினியின் சிஸ்டம் ரிப்போர்ட்டில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒவ்வோர் அட்டைக்கும் எதிரே உள்ள பிஎஸ்டி பெயரை (இஎன்0, இஎன்1 போன்றது) பாருங்கள். மதர்போர்டிலேயே உள்ள ஈதர்நெட் இஎன்0 ஆக இருப்பது நல்லது. ஈதர்நெட் பட்டியலிலேயே இல்லை என்றால் அதற்கான கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் கோப்பு) ஏறவில்லை என்று பொருள். பல இன்டெல் கிகாபிட் அட்டைகளுக்கு இன்டெல்மௌசி, ரியல்டெக் 8111 வகைக்கு அதன் பெயரிலேயே உள்ள கெக்ஸ்ட், ரியல்டெக் 8125 வகைக்கு லூசி என்று தேடிச் சேர்க்க வேண்டும்.

சில கணினிகளில் ஈதர்நெட் இஎன்1 ஆகவோ இஎன்2 ஆகவோ நிற்கும், இஎன்0 எங்கேயும் இராது. யூஎஸ்பி அடாப்டரையோ கைப்பேசியின் இணையத்தையோ வைத்து மேக்ஓஎஸ்ஸை நிறுவி, அதன் பிறகு கெக்ஸ்ட் சேர்த்தவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. முதலில் வந்த அடாப்டர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதைக் கழற்றிய பின்பும் மேக்ஓஎஸ் அந்த இடத்தை அதற்கே ஒதுக்கி வைக்கிறது. இதைத் தீர்க்க, தலைமை லைப்ரரி கோப்புறையில் பிரிஃபரன்சஸ் என்பதற்குள் இருக்கும் சிஸ்டம்கான்ஃபிகரேஷன் கோப்புறையைத் திறந்து, அங்குள்ள நெட்வொர்க்இன்டர்ஃபேசஸ், பிரிஃபரன்சஸ் என்ற இரண்டு பிளிஸ்ட் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு நீக்குங்கள். யூஎஸ்பி அடாப்டர் எதுவும் செருகப்படாத நிலையில் கணினியை மீண்டும் தொடங்குங்கள். மேக்ஓஎஸ் பட்டியலைப் புதிதாக எழுதும். மதர்போர்டின் அட்டை முதலிடம் பெறும். சேமித்து வைத்திருந்த விபிஎன் அமைப்புகள் இதனால் அழியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இஎன்0 வந்துவிட்டால் மட்டும் போதாது. ஐஓரெஜிஸ்ட்ரி எக்ஸ்ப்ளோரரில் இஎன்0 என்று தேடி, அதன் ஐஓபில்ட்இன் மதிப்பு ஆம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லை என்று இருந்தால், ஹாக்கின்டூலின் பிசிஐ பட்டியலில் அந்த அட்டையின் சாதனப் பாதையை நகலெடுத்து, கான்ஃபிக் பிளிஸ்ட்டில் டிவைஸ்பிராப்பர்ட்டீஸ் பகுதியின் ஆட் என்பதற்குக் கீழே அந்தப் பாதையைச் சேருங்கள். அதற்குள் பில்ட்-இன் என்ற பெயரில், டேட்டா வகையில், 01 என்ற மதிப்பை இடுங்கள். டேட்டா வகைக்குப் பதிலாக எழுத்துச் சரமாக இடுவது அடிக்கடி காணும் பிழை; எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஆனால் வேலையும் செய்யாமல் போகலாம்.

5. என்விராம் எழுதுவதை நினைவில் வைக்கிறதா

அடையாளங்களில் சில என்விராம் (கணினியை அணைத்தாலும் அழியாத, மதர்போர்டிலுள்ள சிறு நினைவகம்) வழியாகவே மேக்ஓஎஸ்ஸுக்குத் தெரிய வருகின்றன. அது சரியாக இயங்காத மதர்போர்டுகளில் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயன் இல்லாமல் போகும்.

சோதனை எளிது. டெர்மினலில் என்விராம் கட்டளையைக் கொண்டு ஏதாவது ஒரு பெயரில் சிறு மதிப்பை எழுதி, கணினியை மீண்டும் தொடங்கி, அதே பெயரைப் படித்துப் பாருங்கள். எழுதியது இருந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். மறைந்திருந்தால், இசட்390, பி360, எச்310, எச்370 போன்ற இன்டெல் 300 வரிசைச் சிப்செட்டுகளுக்கு எஸ்எஸ்டிடி-பிஎம்சி என்னும், ஓப்பன்கோர் ஏற்றும் திருத்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்99, எக்ஸ்299 மதர்போர்டுகளில் அதற்குப் பதிலாக என்விராமைக் கோப்பு வடிவில் போலச் செய்யும் முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

6. மாடலைத் தேர்ந்து அடையாளங்களை ஒரே தொகுப்பாக உருவாக்குதல்

அடையாளங்கள் ஐந்து: மாடல் பெயர், சீரியல் எண், எம்எல்பி எனப்படும் மதர்போர்டு சீரியல், சிஸ்டம் யூயூஐடி (கணினிக்கான தனித்த குறியீடு), ஆர்ஓஎம். முதல் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. சீரியல் எண்ணுக்குள்ளேயே மாடலின் குறிப்பு இருக்கிறது. எம்எல்பி அதனோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு முயற்சியில் வந்த சீரியலையும் இன்னொரு முயற்சியில் வந்த எம்எல்பியையும் கலந்து இடக் கூடாது. மாடலை மாற்றினால் தொகுப்பு முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும்.

மாடலை உங்கள் பிராசசரின் தலைமுறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்டெல்லின் காஃபி லேக் தலைமுறைக்கு ஐமேக் 19,1, காமெட் லேக் தலைமுறைக்கு ஐமேக் 20,1 அல்லது 20,2, ஏஎம்டி பிராசசரும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் உள்ள கணினிக்கு மேக்புரோ 7,1 என்பன வழக்கமான தேர்வுகள். சில ஆண்டுகள் இதை மாற்றாமல் இருக்கப்போகிறீர்கள் என்ற எண்ணத்துடன் முடிவெடுங்கள். இன்டெல் மேக்குகளை ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 டஹோ என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது; அந்தப் பதிப்பு ஏற்கும் இன்டெல் மேசைக் கணினிகள் 2020ஆம் ஆண்டின் 27 அங்குல ஐமேக்கும் 2019ஆம் ஆண்டின் மேக்புரோவும் மட்டுமே. அதுவரை போக எண்ணுபவர்கள் இப்போதே ஐமேக் 20 வரிசையையோ மேக்புரோ 7,1ஐயோ தேர்ந்துகொண்டால், நடுவில் அடையாளத்தை மாற்ற நேராது.

ஜென்எஸ்எம்பயாஸில் மாடல் பெயரைக் கொடுத்தால் மாடல், சீரியல், போர்டு சீரியல், யூயூஐடி ஆகியவை அடுத்தடுத்து வரும். இந்த மாடல்களுக்குச் சீரியல் 12 எழுத்துகளும் போர்டு சீரியல் 17 எழுத்துகளும் கொண்டிருக்கும். நகலெடுக்கும்போது கடைசி எழுத்து விடுபட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, அந்தச் சீரியலை ஆப்பிளின் உத்தரவாத நிலையைக் காட்டும் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய விடை, இந்த எண் செல்லாது என்பதே. மாடலின் படத்துடன் உத்தரவாத விவரமோ வாங்கிய நாளோ வந்தால், அந்த எண் எங்கோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய கணினிக்கு உரியது. தயக்கமின்றி அதை எறிந்துவிட்டு வேறு தொகுப்பை உருவாக்குங்கள். இரண்டு கணினிகள் ஒரே அடையாளத்துடன் சர்வரை அணுகினால் உங்கள் உள்நுழைவு தடைபடலாம் என்பது ஒரு காரணம். ஏதும் அறியாத அந்த மனிதரின் சேவையும் கெடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். இணையத்தில் யாரோ பகிர்ந்த கான்ஃபிக் கோப்பின் எண்களை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான்: அதே கோப்பை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

7. கான்ஃபிக் பிளிஸ்ட்டில் இடுதல்

பிளாட்ஃபார்ம்இன்ஃபோ பகுதிக்குள் இருக்கும் ஜெனரிக் என்ற பிரிவில் ஐந்து அடையாளங்களையும் இடுங்கள். பிளாட்ஃபார்ம்இன்ஃபோவில் ஆட்டோமேட்டிக் என்ற தேர்வு இயங்க வேண்டும். அது அணைந்திருந்தால் ஜெனரிக் பிரிவில் எழுதியதை ஓப்பன்கோர் பொருட்படுத்தாது. அப்டேட்டேட்டாஹப், அப்டேட்என்விராம், அப்டேட்எஸ்எம்பயாஸ் ஆகிய மூன்றையும் இயக்கி வையுங்கள்.

ஆர்ஓஎம் என்பது ஆறு பைட்டுகள், அதாவது 12 பதின்அறும (ஹெக்ஸாடெசிமல்) இலக்கங்கள். இஎன்0 அட்டையின் மேக் முகவரியை, நடுவிலுள்ள முக்காற்புள்ளிகளை நீக்கிவிட்டு, டேட்டா வகையில் இடுங்கள். நான் கண்ட குறைகளில் மிகுதியானவை இந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன. முக்காற்புள்ளிகளுடன் சரமாக இட்டிருப்பார்கள். அல்லது மாதிரிக் கோப்பில் இருந்த 112233 என்று தொடங்கும் மதிப்பை மாற்றாமலேயே விட்டிருப்பார்கள். மாதிரிக் கோப்பின் சீரியலும் எம்எல்பியும் வரிசையாகப் பூஜ்யங்கள் கொண்டவை. அவற்றையும் விட்டுவைக்கக் கூடாது.

விண்டோஸையும் ஓப்பன்கோர் வழியாகவே தொடங்குபவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். இந்தப் போலி அடையாளங்கள் விண்டோஸுக்கும் போய்ச் சேர்ந்தால், விண்டோஸ் உரிமமும், கணினியின் அடையாளத்தோடு கட்டப்பட்ட பிற மென்பொருள் உரிமங்களும் செயலிழக்கலாம். அப்டேட்எஸ்எம்பயாஸ்மோட் என்பதைக் கஸ்டம் என்று மாற்றி, கான்ஃபிக் பிளிஸ்ட்டின் கர்னல் பகுதியிலுள்ள குவர்க்ஸ் பிரிவில் கஸ்டம்எஸ்எம்பயாஸ்கைட் என்பதை இயக்கினால், அடையாளங்கள் மேக்ஓஎஸ்ஸுக்கு மட்டும் தெரியும்.

சேமித்த பிறகு கணினியை மீண்டும் தொடங்கி, ஓப்பன்கோர் பட்டியலில் என்விராமை மீட்டமைக்கும் தேர்வை ஒருமுறை இயக்குங்கள். அது கண்ணில் படாவிட்டால் ஸ்பேஸ் விசையை அழுத்திப் பாருங்கள்.

8. இரண்டு முறை தொடங்கி ஒப்பிடுதல்

திருத்தியது பென்டிரைவின் ஈஎஃப்ஐ, கணினி எழுந்தது எஸ்எஸ்டியின் ஈஎஃப்ஐ என்ற நிலை வியப்பூட்டும் அளவுக்குப் பரவலானது. எனவே கோப்பில் எழுதியதை நம்பாமல், மேக்ஓஎஸ் உண்மையில் என்ன பார்க்கிறது என்று ஹாக்கின்டூலின் சிஸ்டம் பகுதியில் பாருங்கள். மாடல், சீரியல், போர்டு சீரியல், ஆர்ஓஎம், யூயூஐடி ஐந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கணினியை முழுவதும் அணைத்து, மீண்டும் தொடங்கி, மறுபடி பாருங்கள். ஐந்தும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒன்றேனும் மாறியிருந்தாலும் காலியாக இருந்தாலும் ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள். உள்நுழைவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

9. பழைய முயற்சிகளின் எச்சங்களை நீக்குதல்

இதுவரை ஒருமுறையும் உள்நுழைய முயலாதவர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம்.

ஃபைண்டரின் கோ பட்டியலை ஆப்ஷன் விசையை அழுத்தியபடி திறந்தால், உங்கள் பயனர் கணக்கின் லைப்ரரி கோப்புறை தெரியும். கேச்சஸ் கோப்புறையில் ஐகிளவுட்ஹெல்ப்பர், மெசேஜஸ், ஐஎம்ஃபவுண்டேஷன் ஆகிய பெயர்கள் கொண்டவற்றையும், பிரிஃபரன்சஸ் கோப்புறையில் ஐசாட், ஐஎம்ஏஜென்ட், ஐஎம்சர்வீஸ், ஐடிஎஸ், மேட்ரிட் ஆகிய பெயர்கள் கொண்டவற்றையும் வேறோர் இடத்திற்கு நகர்த்துங்கள். பழைய அடையாளத்தோடு தொடர்புடைய பதிவுகள் இவற்றில் தங்கியிருக்கும். மெசேஜஸ் என்ற கோப்புறையில் உங்கள் உரையாடல்கள் இருப்பதால், அதைப் பிரதி எடுக்காமல் நீக்காதீர்கள்.

வேறொரு சாதனத்திலிருந்து ஆப்பிள் ஐடியின் சாதனப் பட்டியலைத் திறந்து, பழைய சீரியல்களுடன் பதிவான இந்தக் கணினியின் நிழல்களை அங்கிருந்தும் அகற்றுங்கள். பிறகு கணினியை மீண்டும் தொடங்குங்கள்.

10. உள்நுழைதல்

சிஸ்டம் செட்டிங்ஸில் முதலில் ஐகிளவுடில் உள்நுழையுங்கள். இரண்டடுக்குக் குறியீட்டை இட்டு, கீசெயின் ஒத்திசைவு முடியும் வரை சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். அதன் பிறகு மெசேஜஸைத் திறந்து உள்நுழையுங்கள். ஃபேஸ்டைமை அதற்குப் பின் திறக்கலாம். விபிஎன் இயங்கினால் அதை நிறுத்தி வையுங்கள்.

உள்நுழைந்ததும் செயலியின் அமைப்புகளில் உங்கள் மின்னஞ்சல் முகவரி தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். கைப்பேசி எண்ணை இயக்குவது ஐஃபோனின் வேலை. ஐஃபோன் இல்லாதவர்கள் மேக்கில் தங்கள் எண் வரவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

மறுக்கப்பட்டால் ஒரே அமர்வில் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடாதீர்கள். கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அங்கே ஒருமுறை மட்டும் முயன்று பாருங்கள். அங்கே வேலை செய்தால் அடையாளங்கள் சரியே. பழைய பயனர் கணக்கில் எச்சங்கள் மிச்சமிருக்கின்றன. அங்கேயும் மறுக்கப்பட்டால் ஒரு நாள் விட்டுவிட்டு, எட்டாம் பகுதியின் ஒப்பீட்டை மீண்டும் செய்யுங்கள்.

11. வாடிக்கையாளர் குறியீடு வந்தால்

இந்தக் குறியீடு வந்தது என்றால் உங்கள் கோரிக்கை சர்வரைச் சென்றடைந்து, அங்கே கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது சீரியலை மாற்றுவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். நிறுத்தப்பட்ட கணக்கின் மேல் இன்னொரு புதுக் கணினியும் சேர்ந்துவிடும்.

அதே கணக்கு ஐஃபோனிலோ வேறொரு மேக்கிலோ ஐமெசேஜில் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கும் மறுக்கப்பட்டால், அந்தச் சாதனத்தை முன்னிறுத்தியே ஆப்பிள் உதவி மையத்தை அழைத்துக் குறியீட்டைச் சொல்லுங்கள்; கணக்கின் உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதியானால் அவர்களால் தடையை நீக்க முடியும். இந்தக் கணினியில் மட்டும் மறுக்கப்படுகிறது என்றால், என்ன கணினி என்று கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள். இதற்கு உதவ அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் மறுத்தால் அதை ஏற்றுக்கொள்வதே முறை.

12. வேலை செய்யத் தொடங்கிய பின்

ஐந்து அடையாளங்களும் எழுதிய தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஓப்பன்கோரைப் புதுப்பிக்கும்போது புதிய மாதிரிக் கோப்பிலிருந்து கான்ஃபிக் பிளிஸ்ட்டை மறுபடி அமைக்க நேர்ந்தால், புதிய எண்களை உருவாக்காமல் இதே எண்களை இடுங்கள். எஸ்எஸ்டியை மாற்றினாலும், மேக்ஓஎஸ்ஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் இதே தொகுப்புதான். மதர்போர்டையே மாற்றும்போது, புதிய ஈதர்நெட்டின் மேக் முகவரி வேறாக இருந்தாலும் ஆர்ஓஎம்மைத் தொடாதீர்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆர்ஓஎம் நிலையாக இருப்பதே முக்கியம்.

ஈஎஃப்ஐ கோப்புறையை நண்பருக்குக் கொடுக்கும் முன்பும், உதவி கேட்டு இணையத்தில் பதிவேற்றும் முன்பும், சீரியல், எம்எல்பி, யூயூஐடி, ஆர்ஓஎம் நான்கையும் அழித்துவிடுங்கள்.